பதிமூன்றாவது கூறு

ஏழாம் வலையில் இலை விழவில்லை. என் ஆய்வின் முதல் இரண்டு மாதங்களில் நடந்த பெரிய நிகழ்ச்சி இதுதான்.

1983 அக்டோபரில் ஜவ்வாது மலைக்கு வந்தேன். வானாய்வகம் இருக்கும் காவலூரிலிருந்து நாலு மைல் தள்ளி, இருபத்தெட்டு வீடுகள் உள்ள ஊர். எம்.ஃபில். பட்டத்துக்கு, சுற்றுச்சூழல் உயிரியலில் ஆய்வு. ஒரு சதுர மீட்டர் காட்டில் பதினைந்து நாளில் எத்தனை கிராம் சருகு விழுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கொசுவலைத் துணியைச் சதுரமாகத் தைத்து, நான்கு மூங்கில் குச்சிகளில் தொட்டில் போலக் கட்டி, ஊருக்கு மேலே காட்டில் பன்னிரண்டு இடங்களில் வைத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு தகரத் துண்டில் வெள்ளைப் பெயின்ட்டால் எண் எழுதித் தொங்கவிட்டேன். ஒன்றாம் தேதியும் பதினாறாம் தேதியும் விழுந்ததை எடுத்துவந்து, காயவைத்து, கல்லூரி ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த தராசில் நிறுப்பேன். அவ்வளவுதான் வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால்தான் இந்தத் தலைப்பைக் கேட்டு வாங்கியிருந்தேன்.

ஏப்ரல் முப்பதுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். அதில் வழிகாட்டியின் கையெழுத்து வேண்டும். தவறினால் பதிவு ரத்து. இன்னொரு வருடம் படிக்கவைக்கத் தன்னால் முடியாது என்று அப்பா பஸ் ஏற்றிவிடும்போதே சொல்லிவிட்டார்.

என் வழிகாட்டி டாக்டர் செபாஸ்டியன் பதினெட்டு வருடமாகக் காடுகளைப் பற்றிப் பாடம் நடத்துபவர். மலைப்பாதையில் மூன்றாவது வளைவிலேயே அவருக்கு வாந்தி வந்துவிடும். அதனால் என் ஆய்வை அஞ்சலட்டை மூலம் மேற்பார்வையிட்டார். அறிவியலைத் தமிழில் எழுத வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆய்வேடு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. ஆகவே கொள்கை முழுவதும் அஞ்சலட்டைகளில் இறங்கியது.

அட்டைகள் தீர்த்தகிரியின் டீக்கடைக்கு வரும். அதுதான் ஊரின் கிளை அஞ்சலகமும். ஒரு பக்கம் பாய்லர், மறுபக்கம் முத்திரைக் கட்டை. உறையில் போட்டு ஒட்டாத எதையும் படிக்கலாம் என்பது தீர்த்தகிரியின் கருத்து. கடையில் இருப்பவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதால் உரக்கப் படிப்பார்.

"காவலூர்ல பெரிய கண்ணாடி வெச்சு வானத்தப் பாக்குறாங்க. நீ கொசுவல வெச்சுத் தரையப் பாக்குற. நடுவுல கீற நாங்க யாருக்கும் வாணாம் போல," என்றார் முதல் நாளே. நான் சிரித்தேன். எனக்குப் பதில் தெரியாதபோது சிரிப்பது வழக்கம். இந்த வழக்கம்தான் பின்னால் எல்லாவற்றுக்கும் காரணமாயிற்று.

டிசம்பர் முதல் வாரம் ஏழாவது அட்டை வந்தது. தீர்த்தகிரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

"'அன்புள்ள பிலோமினாவுக்கு. நீ அனுப்பிய எடைகளைப் பார்த்தேன். மூன்றாம் வலையில் நூற்றுப் பதினெட்டு கிராம். ஏழாம் வலையில் நான்கு கிராம். வலைகளுக்கிடையே இவ்வளவு வேறுபாடு இருப்பது ஆய்வுக்கு நல்லதல்ல. வேறுபாட்டைக் குறைக்க உடனே ஆவன செய்யவும்.'"

கடையில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வலைகளின் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. மூன்றாம் வலை பெரிய மருதமரத்தின் அடியில் இருந்தது. ஏழாம் வலை பாறை ஓரத்தில், வெப்பாலை மரம் ஒன்றின் பக்கத்தில். அந்த வெப்பாலைக்கு என்னைப்போலவே எதையும் வெளியே விட மனமில்லை.

"இன்னா டீச்சர், ஏழாம் நம்பருக்கு மட்டும் நாலு கிராமா?" என்றார் தீர்த்தகிரி. நான் டீச்சர் இல்லை. அதை இரண்டு மாதமாகச் சொல்லாமல் விட்டிருந்தேன்.

பெஞ்சின் ஓரத்தில் ராஜாக்கண்ணு உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டில்தான் நான் தங்கியிருந்தேன். நாற்பது வயது இருக்கும். அதிகம் பேச மாட்டார். ஊரில் ஆடு அறுத்தால் கறியைச் சமமாகக் கூறு போடுவது அவர் பொறுப்பு. வேறு யார் போட்டாலும் ஊர் ஒத்துக்கொள்ளாது.

"பன்னண்டு வலையும் ஒரே அளவு தானேம்மா?" என்றார்.

"ஆமாங்கண்ணா."

"ஒரே காடு தானே?"

"ஆமா."

"அப்புறம் ஒருத்தனுக்கு நூறு, ஒருத்தனுக்கு நாலுன்னா சண்ட வராதா?"

நான் சிரித்தேன்.

டிசம்பர் பதினாறாம் தேதி பன்னிரண்டு வலைகளிலும் அறுபத்தொரு கிராம் இருந்தது. ஒன்றில் மட்டும் அறுபது.

தராசு கெட்டுவிட்டது என்று நினைத்தேன். எடைக்கற்களைத் துடைத்தேன். தட்டுகளை மாற்றிப் பார்த்தேன். ராஜாக்கண்ணுவின் மனைவி சாந்தம்மாள் அக்காவிடம் உப்பு வாங்கி நிறுத்தேன், பிறகு புளி, பிறகு என் சோப்பு. எல்லாம் வேறு வேறு எடை காட்டின. சருகு மட்டும் அறுபத்தொன்று.

ஜனவரி ஒன்றாம் தேதி அறுபத்தெட்டு. பன்னிரண்டிலும். பதினாறாம் தேதி எழுபத்து மூன்று. இன்னொன்றும் இருந்தது. ஒவ்வொரு வலையிலும் விரல் நீளத்தில் மூன்று குச்சிகள், ஒரு கடுக்காய். கடுக்காய் மரம் நாலாம் வலைக்குப் பக்கத்தில் ஒன்றே ஒன்று நின்றது. பிப்ரவரி முதல் தேதி ஒவ்வொரு வலையிலும் கால் கடுக்காய் கிடந்தது. கத்தியால் அறுத்தது போல நேர்த்தியாக.

எல்லாவற்றையும் எழுதி, என்னிடம் ஏதோ தவறு இருக்கிறது என்றும் எழுதி, பேராசிரியருக்கு அனுப்பினேன். பதிலைத் தீர்த்தகிரி எழுந்து நின்று படித்தார்.

"'அற்புதம். பதினெட்டு வருடத்தில் இவ்வளவு சீரான காட்டை நான் பார்த்ததில்லை. கால் கடுக்காய் பூச்சியின் வேலையாக இருக்கலாம். மார்ச் இறுதியில் சென்னையில் நடக்கும் கருத்தரங்குக்கு, ஜவ்வாது மலையின் சமச்சீர்க் காடு என்று ஒரு சுருக்கம் அனுப்பிவிட்டேன். உன்னையும் ஆசிரியராகச் சேர்த்திருக்கிறேன்.'"

கடையில் இருந்தவர்கள் ராஜாக்கண்ணுவைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். காது மட்டும் சிவந்திருந்தது. அன்று தீர்த்தகிரி எல்லோருக்கும் ஒரு டீ இலவசமாகக் கொடுத்தார். எனக்கும்தான். அந்தச் சந்தோஷம் ஏன் என்று நான் கேட்கவில்லை.

மார்ச்சில் இன்னோர் அட்டை வந்தது. "பதினாறாம் தேதி நேரில் வருகிறேன். எலுமிச்சம்பழம் வைத்திருக்கவும்."

பதினாறாம் தேதி விடியற்காலையில், எண் எழுதிய தகரங்களைத் துடைத்து வைக்கலாம் என்று காட்டுக்குப் போனேன். வழக்கமாகப் பனி உலர்ந்து ஒன்பது மணிக்கு மேல்தான் போவேன்.

பாறைக்குப் பக்கத்தில் ஒரு வேட்டியை விரித்து, அதன் மேல் சருகைக் குவியல் குவியலாக வைத்துக்கொண்டு ராஜாக்கண்ணு உட்கார்ந்திருந்தார். ஒரு குவியலிலிருந்து இரண்டு இலையை எடுத்து இன்னொன்றில் வைத்தார். தள்ளி உட்கார்ந்து பார்த்தார். பிறகு ஓர் இலையைத் திருப்பி எடுத்தார். சாந்தம்மாள் அக்கா அவருக்கு முதுகு காட்டிப் பாறையைப் பார்த்தபடி நின்றாள்.

ராஜாக்கண்ணு ஒரு குவியலைத் தொட்டு, "இது யாருக்கு?" என்றார்.

"அஞ்சாம் நம்பருக்கு," என்றாள் பாறையிடம்.

"இது யாருக்கு?"

"ஏழு."

எந்தக் குவியல் எந்த வலைக்கு என்று போடுபவனுக்கும் தெரியக்கூடாது, சொல்பவளுக்கும் தெரியக்கூடாது. இதையே எங்களுக்குப் புள்ளியியல் வகுப்பில் ஒரு மாதம் நடத்தினார்கள். அப்போது எனக்குப் புரியவில்லை.

என்னைப் பார்த்ததும் அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயே, பாத்துட்டியா. சார் வர்ற வரிக்கும் சொல்ல வாணான்னு இவரு தான் சொன்னாரு."

"எத்தன நாளா?" என்றேன்.

"கார்டு வந்ததுல இருந்து தாம்மா," என்றார் ராஜாக்கண்ணு. "வாத்தியாரு எழுதிட்டாரு, நீ வாயத் தொறக்க மாட்ட. யாராவது செய்யணுமில்ல? பன்னண்டுலயும் எடுத்து ஒண்ணாக் கொட்டி, கூறு போட்டுத் திருப்பி வெச்சிடுவேன். கறின்னா ஈரல் ஒரு துண்டு, கொழுப்பு ஒரு துண்டு எல்லாக் கூறுலயும் விழணும். இங்க ஈரல் இல்ல. அதான் கடுக்கா."

ஆறு தடவை எடுத்த எடையும் போயிற்று. ஒன்றே ஒன்று கேட்டேன். "வெளியில இருந்து எல கொண்டாந்து போட்டீங்களா?"

அவர் முகம் மாறிவிட்டது. "இன்னாம்மா கேக்குற நீ? கூறுல வெளிக்கறி சேப்பானா எவனாவது? வலையில விழுந்தது தான். ஒரு எல கூடச் சேக்கல."

அப்படியானால் ஏழாம் வலையின் எடை பொய், மூன்றாம் வலையின் எடை பொய், ஆனால் எல்லாவற்றையும் கூட்டினால் உண்மை. சராசரி பிழைத்துவிட்டது. ஓர் ஆய்வேட்டுக்கு அது போதாது. ஆனாலும் அது உண்மை. நான் உட்கார்ந்து மூச்சு விட்டேன். குவியல்களை எண்ணிப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் எண்ணுபவள், அன்றைக்கு எண்ணவில்லை.

பதினோரு மணி பஸ்ஸில் பேராசிரியர் வந்தார். கண்டக்டரும் தீர்த்தகிரியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினார்கள். ஒரு மணி நேரம் கடைப் பெஞ்சில் எலுமிச்சம்பழத்தை முகத்தின் மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். எழுந்ததும் அவர் கேட்ட முதல் வார்த்தை, "வலை?"

ராஜாக்கண்ணுவும் சாந்தம்மாள் அக்காவும் கூட வர, காட்டுக்குப் போனோம். மார்ச் மாதச் சருகு மரத்திலேயே காய்ந்துவிடும் என்பதால் தராசையும் கையோடு எடுத்துப்போயிருந்தோம். அவரே நிறுத்தார். ஒன்றாம் வலை எண்பத்து நாலு. இரண்டாம் வலை எண்பத்து நாலு. நாலாம் வலைக்கு வரும்போது அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"சார்," என்றேன்.

"பேசாதேம்மா. எடையைப் பார்."

"சார், இது..."

"எண்பத்து நாலு! மறுபடியும்!"

மூன்றாவது தடவை வாயைத் திறந்தபோது குரலே வரவில்லை. அவர் ஏழாம் வலையின் குச்சியைத் தடவிக்கொண்டு நின்றார். நான் திரும்பி, மேட்டிலிருந்து கடைக்கு ஓடினேன்.

"ஒரு கார்டு குடுங்க," என்றேன் தீர்த்தகிரியிடம். அவர் தந்த பேனாவில் அவர் மேஜையிலேயே எழுதினேன். பேராசிரியருக்கு நான் உண்மையைச் சொல்லிப் பழகியது அட்டையில்தான்.

தீர்த்தகிரி விலாசத்தைப் பார்த்தார். "இவரு மேல தானேம்மா நிக்கிறாரு?"

நான் தலையை ஆட்டினேன். அவர் முத்திரை குத்தினார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கடையில் இருந்த நாலு பேரோடு காட்டுக்கு நடந்து, பேராசிரியர் முன்னால் நின்று, வழக்கம்போல உரக்கப் படித்தார்.

"'மதிப்பிற்குரிய ஐயா. இந்தக் காடு சீரானது அல்ல. உங்கள் ஏழாவது அட்டையைக் கேட்ட ராஜாக்கண்ணு அண்ணன், டிசம்பரிலிருந்து எல்லா வலைச் சருகையும் ஒன்றாகக் கொட்டிச் சமமாகக் கூறு போட்டு வைக்கிறார். எனக்கு இன்று காலைதான் தெரியும். மன்னிக்கவும். இப்படிக்கு, பிலோமினா.'"

பேராசிரியர் என்னைப் பார்த்தார். ராஜாக்கண்ணுவைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"முடியாது," என்றார். "மனுஷக் கையால முடியாது. தராசு இல்லாம ஒரு கிராம் வித்தியாசத்துல பங்கு போட எவனாலும் முடியாது. இது இயற்கை."

"இன்னா சார் இப்டி சொல்லிட்டீங்க," என்றார் தீர்த்தகிரி. "எங்க ஊருக் கூறையே இல்லன்றீங்களே."

ராஜாக்கண்ணு முன்னால் வந்தார். வேட்டியை அவிழ்த்து விரித்தார். உள்ளே அரை டவுசர் போட்டிருந்தார். பன்னிரண்டு வலைச் சருகையும் கொண்டுவந்து கொட்டினார். இரண்டு கையாலும் அளைந்தார். பிறகு குவியல் வைக்க ஆரம்பித்தார். பேராசிரியர் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரம் ஆயிற்று. ஒருவர் தும்மப் போனபோது தீர்த்தகிரி அவர் மூக்கைப் பிடித்தார்.

பேராசிரியர் நிறுத்தார். எழுபத்திரண்டு. எழுபத்திரண்டு. எழுபத்தொன்று. எழுபத்திரண்டு. எழுபத்து மூன்று.

அவர் தராசைக் கீழே வைத்தார். வெகுநேரம் கழித்துத்தான் அவருக்குள் இருந்த வாத்தியார் விழித்தார். "கொஞ்சம் முன்னாடி எண்பத்து நாலு. இப்ப எப்படி எழுபத்திரண்டு?"

நான் அப்போதுதான் குவியல்களை எண்ணினேன். பதினாலு இருந்தன.

"வலை பன்னண்டு தானே அண்ணா?" என்றேன்.

"ஆமா. ஒண்ணு சாருக்கு. கூறு போடச்சொல்லோ வந்த விருந்தாளிக்குக் குடுக்காம அனுப்பக் கூடாது. ஒண்ணு எனக்கு. கூறு போட்டவன் கூறு."

"ஒவ்வொரு தடவையும் எடுத்தீங்களா?"

"எடுக்காம? அது மொற இல்ல?"

ஆறு தடவை, ஏழு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு பங்கு காட்டிலிருந்து காணாமல் போயிருக்கிறது. சராசரியும் பொய்.

"அந்தச் சருகெல்லாம் எங்கக்கா?" என்று சாந்தம்மாளைக் கேட்டேன்.

"அடுப்புல தான். ஒரு கொதி வர்றதுக்குள்ள எரிஞ்சி போய்டும். இன்னும் ரெண்டு வல வெச்சா தேவலன்னு கூட நெனச்சேன்." பிறகு என் முகத்தைப் பார்த்துச் சேர்த்தாள்: "ஒனக்குத் தனிக் கூறு போடலன்னு கோவமா? நீ எங்க வூட்டு ஆளு. எங்க கூறு தான் ஒன் கூறு."

மூன்று மாதமாக என் ஆய்வில் வெந்த சாமைச் சோற்றைத் தின்றிருக்கிறேன். அது நன்றாகவும் இருந்தது.

பேராசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பக்கத்தில் நின்ற சாந்தம்மாள் அக்காவுக்குக் கேட்கும் அளவுக்குக் குரலைத் தாழ்த்தினார். "சுருக்கம் போயாச்சும்மா. அச்சுக்கும் போயிருக்கும். கையெழுத்து நாளைக்கே போட்டுடறேன். சமச்சீர்க் காடுன்னே இருக்கட்டும். கீழே யாருக்குத் தெரியப்போகுது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். நான் மறுபடியும் மேட்டிலிருந்து இறங்கினேன். இந்தத் தடவை ஓடவில்லை.

இரண்டாம் அட்டையையும் முத்திரை குத்திய பிறகே தீர்த்தகிரி படித்தார். அதற்குள் எல்லோரும் கடைக்கு இறங்கி வந்திருந்தார்கள்.

"'ஐயா. காடு சீரானது என்று என்னால் எழுத முடியாது. பட்டம் கிடைக்காவிட்டாலும் முடியாது. ஆனால் ராஜாக்கண்ணு அண்ணனின் கூறும் மற்றக் கூறுகளும் ஒரே எடை. அதை நீங்களே நிறுத்தீர்கள். ஆகவே எரிந்துபோன கூறின் எடை நமக்குத் தெரியும். வலையில் இருந்ததைப் பதிமூன்றால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தால் உண்மையான சராசரி வரும். இன்றைக்கு எண்பத்து நாலு. அது தொண்ணூற்றொன்று. ஒவ்வொரு வலையின் எடையும் போனது போனதுதான். அதை மறைக்காமல் எழுதுகிறேன். பி.'"

பேராசிரியர் பெஞ்சில் உட்கார்ந்தார். மடியில் துண்டில் முடிந்த எழுபத்திரண்டு கிராம் சருகு இருந்தது. அதை வேண்டாம் என்று சொல்ல முடியாது என்று அவருக்கு முன்பே சொல்லியிருந்தார்கள்.

"கீழ யாருக்குத் தெரியும்னு கேட்டீங்களாமே சார்," என்றார் தீர்த்தகிரி. "நான் படிக்கிறது போதாதுன்னு கண்டக்டர் வேற பஸ்ஸுல சொல்லிக்கினு தான் போறான். ஆலங்காயம் வரிக்கும் எல்லாருக்கும் தெரியும். ஏழாம் நம்பரு எப்டி கீதுன்னு சந்தையில கேக்குறாங்க."

பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அவர் கையை நீட்டினார்.

"எனக்கு ஒரு கார்டு குடுப்பா."

அவர் எழுதினார். தீர்த்தகிரி முத்திரை குத்தினார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். தீர்த்தகிரி என் பக்கம் திரும்பிப் படித்தார்.

"'அன்புள்ள பிலோமினாவுக்கு. சுருக்கத்தைத் திரும்பப் பெறக் கடிதம் எழுதுகிறேன். உன் கணக்கு சரி. பதிமூன்றின் கீழ் பன்னிரண்டு என்ற அந்த எண்ணுக்கு ராஜாக்கண்ணு காரணி என்று பெயர் வை. அது எப்படி வந்தது என்று பின்னிணைப்பில் விளக்கமாக எழுது. கையெழுத்து போடுகிறேன். ஆனால் ஏப்ரலில் யாரும் தொடாத எடை ஒன்றாவது வேண்டும். அது இல்லாமல் முடியாது. பின்குறிப்பு: நாலு மணி பஸ்ஸை நினைத்தால் இப்போதே வயிற்றைப் புரட்டுகிறது.'"

ராஜாக்கண்ணுவுக்குத் தன் பெயர் வந்த இடத்தைத் தீர்த்தகிரி மறுபடி படித்துக் காட்ட வேண்டியிருந்தது. காரணி என்றால் என்னவென்று அவர் கேட்கவில்லை. கடைசி வரியில்தான் அவருக்குக் கவலை.

"யாரும் தொடாமன்னா? ஏழாம் நம்பரையுமா?"

"ஆமாங்கண்ணா," என்றேன். "அதத்தான் முக்கியமா."

"ஒரு தபா பட்டினியா கெடக்கட்டும்ங்கிற."

"ஆமா."

அவர் வெளியே போய் நின்றார். பிறகு உள்ளே வந்து, "சரி, ஒன் படிப்புக்காவ," என்றார்.

ஏப்ரல் பதினாறாம் தேதி கடைசியாக வலைகளைக் காலி செய்தேன். மூன்றாம் வலையில் இருநூற்று மூன்று கிராம். பதினோராம் வலையில் நாற்பத்தேழு. எல்லாம் தாறுமாறாக இருந்தன. பார்க்கவே நன்றாக இருந்தது.

ஏழாம் வலையில் ஆறு கிராம் சருகு. அதன் நடுவே கால் கடுக்காய் ஒன்று, கத்தியால் அறுத்தது.

நாலாம் வலைக்குப் போய்ப் பார்த்தேன். முக்கால் கடுக்காய் கிடந்தது.

கால் துண்டை எடுத்துவந்து நாலாம் வலைச் சருகோடு சேர்த்து நிறுத்தேன். ஏழாம் வலைக்கு ஆறு கிராம் என்று எழுதினேன். குறிப்பு என்ற கட்டத்தில் பேராசிரியர் மட்டும் புரிந்துகொள்ளும்படி, 'பூச்சி அல்ல' என்று எழுதினேன்.